சத்தம் போடாத வீடு

மரத்தில் துளை போட்டால் மரம் செத்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். சாகாது. மரத்தைச் சுற்றி ஒரு கம்பியை இறுக்கிக் கட்டினால்தான் சாகும். பட்டைக்குச் சற்று உள்ளே, மெல்லிய சட்டை போட்டதுபோல, மரத்தின் உணவு சுற்றிலும் இறங்கிக்கொண்டிருக்கிறது. கம்பி அந்தச் சட்டையை முழுச் சுற்றாக நெரித்துவிடும். ஒரே இடத்தில் ஆழமாக இறக்கிய போல்ட்டு சட்டையில் ஒரு பொத்தல், அவ்வளவுதான். மரம் அதைச் சுற்றி வீங்கும், மூடும், ஐந்தாறு வருடத்தில் இரும்பைக் கவ்விக்கொள்ளும். பிறகு மரத்தை அறுத்தால்தான் போல்ட்டு வெளியே வரும்.

ஒன்பது வருடம் நான் செய்த வேலை இதுதான். விலங்குகள் திரியும் ஒரு காப்புக்காட்டில், மரங்களின் மேல் சொகுசு வீடு கட்டி விருந்தினர்களைத் தங்கவைக்கும் கம்பெனி அது. மொத்தம் ஆறு வீடுகள். ஆறும் நின்றது நான் இறக்கிய போல்ட்டுகளின் மேல். ஒவ்வொன்றும் முன்கை நீளம், மணிக்கட்டுக் கனம். அதனால் அங்கே எல்லோருக்கும் நான் ‘போல்ட்டு’. என் சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது.

அந்த வீடுகளுக்கு வருகிறவர்கள் வீட்டுக்குள் தூங்க வருவதில்லை. அறை இருக்கிறது, கண்ணாடிக் கதவு இருக்கிறது, பித்தளைக் குழாய் வைத்த குளியல் தொட்டிகூட இருக்கிறது. ஆனால் கட்டில் சக்கரத்தில் நிற்கும். மாலையில் கண்ணாடிக் கதவைத் தள்ளி, கட்டிலை உருட்டி வெளித்தளத்துக்குக் கொண்டுவந்து, சக்கரப் பூட்டை மிதித்து, நான்கு கம்புகளில் கொசுவலையைக் கட்டினால் தீர்ந்தது. படுக்கிறவர் தலைக்கு மேலே வானம். கீழே யானை போகும். தூரத்தில் சிறுத்தை இருமும். இவர்கள் காலடியில் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டு, கழுத்துவரை போர்த்திக்கொண்டு கேட்பார்கள்.

சிறுத்தை மேலே ஏறாமல் இருக்க அடிமரத்தைச் சுற்றி வழவழப்பான தகடு. அந்தத் தகட்டையும் ஆணி அடித்து இறுக்கக் கூடாது. மரம் வருடத்துக்கு ஒரு விரற்கடையாவது பருக்கும். தகட்டின் இரு முனைகளையும் சுருள்வில்லால் கோத்துவிட்டால், மரம் பருக்கப் பருக்கத் தகடு விரிந்துகொடுக்கும். இதை என் மனைவிக்கு நான் முதன்முதலில் விளக்கியபோது, “இந்த ஜாக்கெட்டுக்கும் அந்த மாதிரி ஒண்ணு வெச்சுத் தாங்களேன்” என்றாள்.

அவளுக்கும் அங்கேதான் வேலை. ஆறு வீடுகளிலும் படுக்கை தயார்செய்கிற பெண்களுக்கு அவள்தான் தலைமை. கட்டிலை உருட்டுவது, விரிப்பது, வலை கட்டுவது. ஊழியர் யாராவது அந்தக் கட்டிலில் ஒரு நிமிடம் சாய்ந்தாலும் வேலை போய்விடும் என்பது விதி. விருந்தினர்கள் வெளியே படுப்பதைப் பற்றி அவளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது.

“சொந்தமா நாலு சுவர் இருக்கிறவங்களுக்குத்தாங்க வெளியில படுக்க ஆசை வரும். நம்மள வெளியில படுக்கச் சொன்னா அதுக்குப் பேரு வேற.”

எங்கள் குடியிருப்பு காட்டு வாசலுக்கு உள்ளே, வரிசையாகப் பன்னிரண்டு அறைகள். ஜன்னல்களில் இரும்பு வலை. ஆறு மணிக்கு மேல் கதவைத் திறக்கக் கூடாது.

எங்கள் இருவரையும் அங்கே சேர்த்தது அவளுடைய அண்ணன். அவர்தான் மேனேஜர். நல்ல மனிதர் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன், அப்படிச் சொல்வது எனக்குக் கசந்தாலும். பத்து வயதில் அப்பா அம்மாவை இழந்த தங்கையை அவர்தான் வளர்த்தார், படிக்க வைத்தார், எனக்குக் கட்டிக்கொடுத்தார். நாலு பேர் எதிரில் அவர் என்னை ‘மேஸ்திரி’ என்பார், நான் ‘சார்’ என்பேன். யாரும் இல்லாதபோது ‘மாப்ள’, ‘மச்சான்’.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அங்கே எந்த வேலைக்கும் வேலைச் சீட்டு வேண்டும். எந்த வீடு, எந்த போல்ட்டு, என்ன செய்யவேண்டும், யார் சொன்னது என்று மஞ்சள் சீட்டில் எழுதி, மேனேஜர் கையெழுத்துப் போட்டு, செய்தவனும் போட வேண்டும். சீட்டு இல்லாமல் ஸ்டோரில் சுத்தியல்கூடத் தர மாட்டார்கள். மேஸ்திரியிடம் சொன்ன வேலைக்கெல்லாம் சீட்டு வரும். மாப்பிள்ளையிடம் சொன்ன வேலைக்கு வராது. ஒரு கதவு இழுக்கிறது, ஒரு படி ஆடுகிறது என்று போகிற போக்கில் சொல்வார். வீட்டில் சொந்தக்காரர் சொன்னதைச் செய்வதுபோல நானும் என் சொந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு போய்ச் செய்துவிடுவேன். ஒன்பது வருடத்தில் இப்படி நூறு வேலையாவது இருக்கும்.

வீடுகளுக்குப் பறவைகளின் பெயர். மூன்றாவது வீடு ஆந்தை. மற்ற ஐந்தும் தனித்தனி மரத்தில் உட்கார்ந்திருந்தன. ஆந்தை மட்டும் இரண்டு மரங்களுக்கு நடுவே. ஒன்று கிழட்டு மரம், வைரம் பாய்ந்தது, மூன்று பேர் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டும். மற்றது இளசு. ஒரு மரத்திலிருந்து மற்றொரு மரத்துக்கு இரண்டு உத்தரங்கள். அவற்றின் மேல் வீடு.

இப்படிக் கட்டும்போது ஒரு விஷயத்தை மறக்கக் கூடாது. இரண்டு பேர் ஒரு நீளக் கழியைத் தோளில் சுமந்து நடப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால் போகிறவன் கழியைத் தன் தோளோடு கட்டிக்கொள்ளலாம். பின்னால் வருகிறவன் சும்மாதான் வைத்துக்கொள்ள வேண்டும். அவனும் கட்டிக்கொண்டால், ஒருவனுக்குக் கால் தடுக்கும்போது மற்றவன் தோள் பிய்ந்துவிடும். மரங்களும் அப்படித்தான். நிற்கின்றன என்று நாம் சொல்கிறோமே தவிர, காற்றில் அவை நடக்கின்றன. கிழடு மெல்ல அசையும், இளசு துள்ளும். அதனால் உத்தரத்தைக் கிழட்டு மரத்தில் போல்ட்டோடு பூட்டினேன். இளைய மரத்தில் பூட்டவில்லை. அங்கே போல்ட்டின் மேல் ஓர் இரும்புச் சட்டம், அதற்குள் உத்தரம் முன்னும் பின்னும் ஒரு சாண் தூரம் வழுக்கிப் போய்வரும். அதற்குச் சறுக்குக் கால் என்று பேர். இரும்பு இரும்போடு உரசாமல் இருக்க நடுவில் ஒரு நைலான் பட்டை.

நைலான் தேயும். தேய்ந்தது. புதிய பட்டைக்கு முறையாகச் சீட்டு எழுதி மூன்று மாதம் ஆகியும் வரவில்லை. அதற்குள் ஆந்தை பேச ஆரம்பித்துவிட்டது. சின்னக் காற்றுக்கே ‘கிர்ர்ர்’ என்று ஓர் இழுப்பு, முடிவில் ‘டக்’ என்று ஒரு தட்டல். பகலில் கேட்டால் ஒன்றுமில்லை. ராத்திரி திறந்த தளத்தில் படுத்திருப்பவருக்கு, அவர் முதுகுக்குக் கீழேயே யாரோ பழைய பெட்டியைத் திறந்து மூடுவதுபோல இருக்கும். விருந்தினர் புத்தகத்தில் வரிசையாகப் புகார். யானையின் மூச்சைக் கேட்க வந்தோம், கதவின் முனகலைக் கேட்டோம் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

ஒருநாள் மாலை மச்சான் ஆந்தைக்கு வந்தார். நான் கீழே ஏணியில் நின்று சறுக்குக் காலுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தேன். மேலே என் மனைவி மெத்தை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தாள். தளத்தின் பலகைகளுக்கு நடுவே விரல் நுழைகிற இடைவெளி. பேசினால் மேலே கேட்கும்.

“மாப்ள, நாளைக்கு வர்றவங்க பத்திரிகைக்காரங்க. புருஷன் பெண்டாட்டி ரெண்டு பேரும். அவங்க எழுதினா உலகம் பூரா படிக்கும்.”

“படிக்கட்டும் மச்சான்.”

“படிக்கட்டுமா? இந்தச் சத்தத்தையும் சேர்த்துப் படிக்கவா? இத நிறுத்துங்க மாப்ள.”

“நைலான் பட்டை வந்தா நின்னுடும்.”

“அது வர்றப்போ வரும். நாளைக்கு என்ன வழி?”

“வழி ஒண்ணு இருக்கு. ஆனா பண்ணக் கூடாது.” வழி இருக்கிறது என்று நான் ஏன் சொன்னேன் என்பதை இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க எனக்கு வராது. “சட்டத்துக்குள்ள ரெண்டு பக்கமும் ஆப்பு அடிச்சு இறுக்கிட்டா உத்தரம் நகராது. நகரலைன்னா சத்தம் இல்ல. ஆனா மரம் ஆடறப்போ அந்த இழுப்பு எல்லாம் போல்ட்டுக்குப் போகும்.”

“ஒரு ராத்திரிக்கு?”

“ஒரு ராத்திரிக்கு ஒண்ணும் ஆகாது. காத்தும் இல்ல.”

“அடிங்க அப்போ. நாளான்னிக்கு எடுத்துடலாம்.”

“சீட்டு போடுங்க மச்சான்.”

அவர் சிரித்தார். “ஏன் மாப்ள, வீட்ல என் தங்கச்சிகிட்ட தண்ணி கேட்டாலும் சீட்டு போட்டுத்தான் கேப்பீங்களா?”

மேலே பலகைக்கு அந்தப் பக்கம் என் மனைவியும் சிரித்தாள். “சீட்டு போட்டாலும் அவரே போய்த்தான் எடுத்துக் குடிக்கணும் அண்ணே!”

மறுநாள் காலை நான் ஆப்பு செதுக்கினேன். நான்கு ஆப்பு, நல்ல வைரக் கட்டையில். ஒரு பக்கம் விரல் கனம், மறுபக்கம் தாள் கனம். சட்டத்தின் இருபுறமும் வைத்துக் கொட்டாப்புளியால் தட்டினேன். ஆப்பு இறங்க இறங்கத் தட்டும் சத்தம் மாறும். முதலில் தொப் தொப் என்று இருக்கும், இறுகியதும் மணி அடித்த மாதிரி கணீரென்று வரும். அப்போது நிறுத்திவிட வேண்டும். கீழேயிருந்து பார்த்தால் தெரியாதபடி முனைகளைச் சீவிவிட்டேன். நல்ல வேலை. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

ஆந்தை ஊமையாகிவிட்டது.

பத்திரிகைக்காரர்கள் தங்கிப் போனபின் காலையில் ஆப்புகளைக் கழற்றக் கிளம்பினேன். மச்சான் அலுவலக வாசலிலேயே நிறுத்தினார். கையில் விருந்தினர் புத்தகம். மாத்திரை இல்லாமல் இத்தனை வருடத்தில் முதல்முறையாகத் தூங்கினேன் என்று அந்தப் பெண் எழுதியிருந்தாள். மச்சானின் கண் ஈரமாகியிருந்தது. நடிப்பில்லை. தன் வேலையை ஒருவர் புகழ்ந்தால் அவருக்கு அப்படித்தான் ஆகும்.

“இருக்கட்டும் மாப்ள. காத்துக் காலத்துக்கு இன்னும் ஒரு மாசம் இருக்கு. பட்டை வந்ததும் ஒரே வேலையா மாத்திக்கலாம்.”

நான் தலையாட்டினேன்.

அன்று மாலை வீட்டில் என் மனைவி கேட்டாள். “எடுத்துட்டீங்களா?”

“நாளைக்கு.”

“ஒரு ராத்திரின்னுதானே சொன்னீங்க?”

“உங்க அண்ணன் இருக்கட்டும்னாரு.”

“அவருக்கு என்ன தெரியும்? கழி தூக்கற கதையெல்லாம் நீங்க எங்கிட்ட சொன்னதுதானே? அவர்கிட்டயா சொன்னீங்க?”

மறுநாளும் கேட்டாள். அதற்கு மறுநாளும். சோறு போடும்போது, துணி மடிக்கும்போது, ‘விளக்கை அணைக்கவா’ என்று கேட்கிற குரலிலேயே, “எடுத்துட்டீங்களா?” ஏழாம் நாள் எனக்குக் கோபம் வந்தது. “போல்ட்டு என்னது, மரம் என்னது, எனக்குத் தெரியாதா? நீ விரிப்பு மாத்தற வேலையப் பாரு” என்றேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

ஏன் எடுக்கவில்லை? பத்து நிமிட வேலை. ஆப்பின் மெல்லிய முனையில் இரண்டு தட்டு தட்டினால் போதும். மச்சானுக்குத் தெரியக்கூட வேண்டாம். ஆனால் சத்தம் திரும்ப வரும், புகார் வரும், அந்தப் புகார் என் வேலையின் மேல் வரும். சத்தமில்லாத அந்த வீட்டை எல்லோரும் பாராட்டினார்கள். ‘போல்ட்டு கை வெச்சா மரமே வாயை மூடிக்கும்’ என்றார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் காற்று வந்தது. எதிர்பார்த்ததற்கு இரண்டு வாரத்துக்கு மேல் முன்னதாகவே வந்தது. மாலை நாலரை இருக்கும். நான் கொக்கு வீட்டில் படி மாற்றிக்கொண்டிருந்தேன். முதலில் உயரத்து இலைகள் மட்டும் இரைந்தன. பிறகு கிளைகள். பிறகு பக்கத்து மரங்களின் நடுமரமே அசைவது என் கண்ணுக்குத் தெரிந்தது. சுத்தியலைப் போட்டுவிட்டு ஆந்தையை நோக்கி ஓடினேன். நானூறு அடி தூரம். பாதி வழியில் சத்தம் கேட்டது. வெடி போட்டதுபோல ஒன்று, அதன் பின்னாலேயே நீளமாக ஒரு கிழிசல்.

என்ன நடந்தது என்பதை இப்போது தெளிவாகச் சொல்ல முடியும். இளைய மரம் வெளிப்பக்கம் துள்ளியது. உத்தரம் வழுக்கிக்கொடுத்திருக்க வேண்டும். ஆப்பு விடவில்லை. அந்த இழுப்பு முழுவதும் உத்தரத்தின் வழியாகப் போய், எதிர்முனையில் கிழட்டு மரத்தின் போல்ட்டில் விழுந்தது. போல்ட்டு அசையவில்லை. மரம் அதை அப்படிக் கவ்வியிருந்தது. எனவே உத்தரத்தின் முனை போல்ட்டுத் துளையிலிருந்து நெடுக்கவே பிளந்தது. அந்த மூலை கீழே இறங்கியது. முழுவதும் விழாமல், ஆபத்துக்கு உதவும் என்று நான் மேலே கிளையிலிருந்து கட்டியிருந்த எஃகுக் கயிறு இடுப்பளவு இறக்கத்தில் பிடித்துக்கொண்டது. தளம் சாய்ந்து நின்றது.

என் மனைவி அப்போதுதான் கட்டிலை வெளியே உருட்டுவதற்காகச் சக்கரப் பூட்டை விடுவித்திருந்தாள். இரண்டு ஆள் மெத்தையும், தேக்குச் சட்டமும், நான்கு சக்கரமும். சாய்வில் கட்டில் திறந்திருந்த கதவு வழியாகத் தளத்துக்குத் தானாக ஓடியது. அவள் அதற்கு முன்னால் நின்றாள். கைப்பிடி வேலிக்கும் கட்டிலுக்கும் நடுவே அவளுடைய தொடை.

வேலி உடைந்திருந்தால் முப்பதடி கீழே போயிருப்பாள். வேலி நான் போட்டது. உடையவில்லை.

நான் மேலே போனபோது அவள் கத்தவில்லை. முகம் சுண்ணாம்பாக இருந்தது. கட்டிலை நகர்த்த நான் தோளைக் கொடுத்தபோது, காதருகில் சொன்னாள். “எடுக்கலையா?”

மருத்துவமனையில் தொடையெலும்பு மூன்று துண்டு என்றார்கள். எலும்புக்குள்ளே ஒரு கம்பியை இறக்கி, மேலும் கீழும் திருகுகளால் பூட்டினார்கள். இனி நடப்பாள், ஆனால் படி ஏறுவது சிரமம், பாரம் தூக்கக் கூடாது. மரவீட்டு வேலை முடிந்தது. டாக்டர் படத்தைக் காட்டிவிட்டுப் போனபின் நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பார்த்ததும் வாய் தானாகத் திறந்தது.

“எலும்பும் மரம் மாதிரிதான். இந்தத் திருகைச் சுத்தி மெல்ல மெல்ல...”

“வேணாம்” என்றாள். “விளக்காதீங்க.”

நான்காம் நாள் தலைமை அலுவலகத்திலிருந்து எஞ்சினியர் அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும், குட்டையாக, காலில் சேறு அப்பிய பூட்ஸ். ஆந்தையை இரண்டு நாள் அளந்துவிட்டு வந்திருந்தார். நான்கு ஆப்புகளும் ஒரு பையில் இருந்தன. வேலை நன்றாகத் தெரிந்தவர் என்பது அவர் அவற்றைக் கையில் பிடித்த விதத்திலேயே தெரிந்தது. முனையைத் தடவிப் பார்த்தார்.

மருத்துவமனை அறையில் கட்டிலுக்கு ஒரு பக்கம் நான், மறுபக்கம் மச்சான்.

“இத யாரு வெச்சது?”

“நான்தாம்மா.”

“வேலைச் சீட்டு எங்க?”

“சீட்டு இல்ல. மேனேஜர் வாயால சொன்னாரு. நான் செஞ்சேன்.”

எஞ்சினியர் அம்மா மச்சானைப் பார்த்தார். மச்சானுக்கு வியர்த்தது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சத்தத்துக்கு ஏதாவது பண்ணுங்கன்னு சொன்னேன் மேடம். அது நெஜம். ஆப்பு அடிங்கன்னு நான் சொல்லல. ஆப்புன்னா என்ன, எங்க அடிக்கணும், எனக்கு எப்படித் தெரியும்? மரத்தப் பத்தி அவருதானே எல்லாருக்கும் பாடம் எடுப்பாரு?”

“நீங்க ‘அடிங்க’ன்னு சொன்னீங்க மச்சான்” என்றேன். “ஒரு ராத்திரின்னு சொன்னீங்க. அப்புறம் இருக்கட்டும்னீங்க.”

“வீட்டுல பேசற மாதிரி ஆயிரம் பேசுவோம் மாப்ள. அதெல்லாம் உத்தரவா?”

எஞ்சினியர் அம்மா குறிப்பேட்டை மூடவில்லை. பொறுமையாகக் கேட்டார். “அப்போ அங்க வேற யாராவது இருந்தாங்களா?”

எல்லோரும் கட்டிலைப் பார்த்தோம்.

எனக்கு அப்போது பயமே இல்லை. அவளுக்குத் தெரியும். பலகை இடுக்கு வழியாக ஒவ்வொரு சொல்லும் அவளுக்குக் கேட்டது, அவள் சிரிப்பு எனக்குக் கேட்டது. நான் சொன்னதை அவள் ஆமாம் என்றால், தப்பு இரண்டு பங்காகும். சொன்னவருக்கு ஒரு பங்கு, செய்தவனுக்கு ஒரு பங்கு. பாதித் தப்போடு என்னால் அங்கே இருக்க முடியும். முழுத் தப்பும் என் தலையில் விழுந்தால் வேலை போகும். வேறு எந்த மரவீட்டுக் கம்பெனியும் என்னைத் தொடாது.

“நீங்க மேல இருந்தீங்களாம்மா?” என்றார் எஞ்சினியர் அம்மா.

“இருந்தேன்.”

“மேனேஜர் ஆப்பு அடிக்கச் சொன்னாரா?”

அவள் தன் அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள். கோபமாகக்கூட இல்லை. கணக்குத் தெரிந்த பிள்ளை விடையைத் தாளில் எழுதுவதற்கு முன் ஒருமுறை சரிபார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் பேசினாங்க. என்ன பேசினாங்கன்னு எனக்குக் கேக்கல.”

“அப்புறம்?”

“அடிச்சது இவருதான். எடுக்கணும்னு இவருக்குத் தெரியும். நான் தினம் கேட்டேன், எடுத்துட்டீங்களா எடுத்துட்டீங்களான்னு. ஆறு நாள் கேட்டேன். ஏழாம் நாள் உன் வேலையப் பாருன்னாரு.”

“ஏன் தினம் கேட்டீங்க?”

“அத எடுக்கலைன்னா என்ன ஆகும்னு இவருதான் எனக்குச் சொல்லியிருக்காரே.” பிறகு எஞ்சினியர் அம்மாவுக்கு அவள் விளக்கினாள். இரண்டு பேர் கழி சுமப்பது, முன்னால் போகிறவன் கட்டிக்கொள்வது, பின்னால் வருகிறவன் சும்மா வைத்துக்கொள்வது. நான் சொன்னதைவிடச் சுருக்கமாகவும் தெளிவாகவும் சொன்னாள்.

எஞ்சினியர் அம்மா எழுதிக்கொண்டார். மச்சான் ஜன்னலோரம் போய் நின்றார். அவர் தோள் குலுங்கியது. அழுதார் என்று நினைக்கிறேன்.

அவர்கள் போன பிறகு நான் கேட்டேன். “ஏன் அப்படிச் சொன்ன?”

“எதைப் பொய்யாச் சொன்னேன்?”

“கேக்கலன்னியே.”

“அது ஒண்ணுதானே.” தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “அவரு தெரியாம சொன்னாரு. நீங்க தெரிஞ்சு பண்ணீங்க. ரெண்டும் ஒரே பங்குன்னு நெனச்சீங்களா?”

என்னிடம் எழுத்து வாக்குமூலம் கேட்டார்கள். நான்கு பக்கம் எழுதினேன். மழுப்பத் தெரியவில்லை. சறுக்குக் கால் எப்படி வேலை செய்யும், ஆப்பு என்ன செய்யும், இழுப்பு எந்த வழியாகப் போனது, உத்தரம் எந்த நார் வழியே பிளந்தது, எல்லாவற்றையும் படம் போட்டு அம்புக்குறி வைத்து எழுதினேன். மச்சான் சொன்னதையும் எழுதினேன், ஆனால் அதற்குப் படம் போட முடியவில்லை. எஞ்சினியர் அம்மா படித்துவிட்டு, “இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். ஒரு விபத்தப் பத்தி இவ்வளவு தெளிவா யாரும் எழுதிக் கொடுத்ததில்ல” என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டார். பிறகு, “இவ்வளவு தெரிஞ்ச ஒருத்தர் தெரியாம பண்ணிட்டாருன்னு நான் எப்படி எழுத முடியும்?” என்றார்.

அடுத்த வாரம் என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார்கள்.

அவளுக்கு வேலை போகவில்லை. அலுவலகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து முன்பதிவு எழுதும் வேலையை அவள் அண்ணன் வாங்கிக்கொடுத்தார். குடியிருப்பில் ஊழியர் மட்டும்தான் தங்கலாம், ஆகவே அறை இப்போது அவளுடையது. நான் நகரத்தில், கதவு செய்கிற பட்டறைக்குப் பின்னால் ஓர் அறையில் இருக்கிறேன். கதவு நல்ல வேலை. அசையாது, வளராது. ஞாயிற்றுக்கிழமை காலை காட்டுக்குள் போகும் சரக்கு வண்டியில் ஏறிப் போய், மாலை அதே வண்டியில் திரும்புவேன். வாசல் பதிவேட்டில் ‘யாரைப் பார்க்க’ என்ற இடத்தில் அவள் பெயரை எழுதவேண்டும். ‘அனுமதித்தவர்’ என்ற இடத்தில் மச்சான் கையெழுத்து இருக்கும். ஒரு வாரம்கூட அவர் மறுத்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் கைத்தடி இல்லாமல் அறைக்குள் நடந்து காட்டினாள். அடுப்பிலிருந்து மேஜைவரை, ஆறு அடி. நான் கை தட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். நாங்கள் சேர்ந்து சிரித்து எவ்வளவு நாளாகிறது என்று எனக்குத் தோன்றியது. அவள் வாயாலேயே ஒருமுறை சொல்லக் கேட்கவேண்டும் என்று, அந்தத் தைரியத்தில் கேட்டுவிட்டேன்.

“அன்னைக்கு உனக்கு நெஜமாவே கேக்கலையா?”

அவள் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தாள். காலை நேராக நீட்டி, இரண்டு கையாலும் தொடையைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

“கேட்டுச்சு.”

“எல்லாமா?”

“எல்லாந்தான். சீட்டு போடுங்கன்னு நீங்க சொன்னதும் கேட்டுச்சு. நீங்க ஒரு வார்த்த கூட்டிச் சொல்லல.” குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. “அவருக்கு இந்த வேலைய விட்டா ஒண்ணும் தெரியாதுங்க. உங்களுக்குக் கை இருக்கு. எங்க போனாலும் பொழச்சுக்குவீங்கன்னு நெனச்சேன்.”

“பொழச்சுத்தான் இருக்கேன்.”

“அப்புறம் என்ன?”

வெளியே சரக்கு வண்டி இரண்டு முறை ஹாரன் அடித்தது. நான் எழுந்திருக்கவில்லை.

“ஒருவேள அன்னைக்கே நான் எடுத்திருந்தா...” என்று ஆரம்பித்தேன்.

“கிளம்புங்க” என்றாள். “அஞ்சே முக்கால் ஆச்சு. ஆறு மணிக்கு மேல நீங்க உள்ள இருந்தா அண்ணன்தான் பதில் சொல்லணும்.”

அவள் எழுந்து வாசல்வரை வரவில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, கதவை என் பின்னால் சாத்தினேன். உள்ளே அவள் தாழ்ப்பாள் போடும்வரை அங்கேயே நின்றேன். அவள் கதவுக்கு வர நேரமாகும். வண்டிக்காரன் மறுபடி ஹாரன் அடித்தான்.